ஆகஸ்ட் தாண்டட்டும்

எங்கள் தலைமையாசிரியர் அறையில், அவருடைய நாற்காலிக்குப் பின்னால் சுவரோடு சேர்த்து ஒரு கரும்பலகை உண்டு. வெள்ளைப் பெயின்டில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டது. இடப்பக்கம் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை. மேலே ஆண், பெண், பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர், மற்றவர் என்று தலைப்புகள். கோடும் தலைப்பும் அழியாது. கட்டத்துக்குள் இருக்கும் எண்கள் மட்டும் சாக்பீஸில் எழுதியவை. எங்கள் பள்ளியில் இருந்த அறிவியல் டீச்சரை நினைத்தாலே, ஒரு கையில் சாக்பீஸும் மறு கையில் ஈரத்துணியுமாக அந்தப் பலகை முன்னால் அவர் நிற்பதுதான் எனக்கு முதலில் ஞாபகம் வரும். அந்த எண்களை அழித்து எழுதுவது அவர் வேலையே அல்ல. எழுத்தர் பணியிடம் வருடக்கணக்காகக் காலி. டீச்சருக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று வாய்தவறி ஒருநாள் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், மாணவர் விவரம் அத்தனையும் ஏறுகிற எமிஸ் இணையதளத்தையும் பலகையையும் சேர்த்து அவர் தலையில் கட்டிவிட்டோம். கட்டியவர்களில் நானே முதல் ஆள். நான் சமூக அறிவியல் ஆசிரியன், எனக்கு எதற்கு கம்ப்யூட்டர் என்று சொல்லித் தப்பித்தவன்.

புதுக்கோட்டை நகரத்துக்குள்ளேயே இருக்கிறது எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளி. நகரத்துக்குள் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வகுப்புக்கு ஒரே பிரிவு. காலையில் எங்கள் வாசலில் நின்று பார்த்தால் மூன்று மஞ்சள் வேன்கள் வரிசையாக வந்து, எங்கள் தெருப் பிள்ளைகளையே அள்ளிக்கொண்டு தனியார் பள்ளிகளுக்குப் போகும். அப்பன் குவைத்திலோ சிங்கப்பூரிலோ இருக்கிற வீட்டுப் பிள்ளை வேனில் ஏறிவிடும். சின்னதாக ஒரு கடை வைத்திருப்பவர்கூடக் கஷ்டப்பட்டு வேனில் ஏற்றிவிடுவார். மிச்சம் இருப்பவர்கள்தான் எங்களுடையவர்கள். மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர்கள், துப்புரவுப் பணியாளர்கள், ஓட்டலில் பாத்திரம் கழுவுபவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். இலுப்பூர், ஆலங்குடிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்து அரசு விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளைகள் கொஞ்சம். பானிபூரி போடுகிற வடக்கத்திக் குடும்பம் ஒன்றின் அக்காள் தங்கை இருவர். ஆறே மாதத்தில் எங்கள் பிள்ளைகளைவிடச் சுத்தமாகத் தமிழில் சண்டை போட்டார்கள். இவர்களில் பாதிப் பேர் எந்த மாதம் எந்த ஊரில் இருப்பார்கள் என்று பெற்றவர்களுக்கே தெரியாது. வேலை எங்கே கிடைக்கிறதோ அங்கே குடும்பம் போகும்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், இந்தப் பிள்ளைகளின் தலையை எண்ணித்தான் எங்களுக்கு ஆசிரியரைக் கொடுப்பார்கள். ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் ஒன்றாம் தேதி பள்ளிப் பட்டியலில் எத்தனை பேர் என்பதே கணக்கு. வேண்டிய எண்ணிக்கைக்குக் குறைந்தால் ஒரு ஆசிரியர் உபரி. உபரி என்று எழுதிவிட்டால் மாவட்டத்தில் எங்கே காலி இருக்கிறதோ அங்கே தூக்கிப் போடுவார்கள். கடைசியாக வந்து சேர்ந்தவர்தான் முதலில் போக வேண்டும். எங்கள் பள்ளியில் அறிவியலுக்கு இரண்டு இடம். இரண்டாவது இடம் ஒரு பிள்ளை கூடினால் இருக்கும், ஒரு பிள்ளை குறைந்தால் போய்விடும் என்கிற நிலையில் மூன்று வருடமாக ஊசலாடியது. அந்த இடத்தில் இருந்தவர்தான் டீச்சர்.

அவர் வடக்கே எங்கேயோ ஒரு மாவட்டத்தில் ஒன்பது வருடம் தனியாக வீடெடுத்துத் தங்கி வேலை பார்த்து, கலந்தாய்வுக்குக் கலந்தாய்வு கேட்டுக் கேட்டு, கடைசியில் சொந்த ஊருக்கு மாறுதல் வாங்கி வந்தவர். வீட்டுக்காரர் வெளிநாட்டில். அம்மா கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில். மத்தியான மணி அடித்ததும் நாங்கள் டிபன் பாக்ஸைத் திறப்போம், அவர் ஸ்கூட்டியைக் கிளப்புவார். ஐந்து நிமிடத்தில் வீடு. அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்து, துணி மாற்றி, நாலு வாய் ஊட்டிவிட்டு, மறுமணி அடிக்கும் முன் திரும்பிவிடுவார். தான் சாப்பிட்டாரா என்று கேட்டால் "ஆச்சு சார்" என்பார். எது ஆச்சு என்று கேட்டுக்கொண்டதில்லை நான். ஐந்து நிமிடத் தொலைவில் வீடு என்பதற்காகத்தான் அவர் ஒன்பது வருடம் காத்திருந்தார் என்பது மட்டும் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அந்த வருடம் ஜூனில் பள்ளி திறந்தபோது, வேண்டிய எண்ணிக்கைக்குப் பலகையில் ஒரு தலை குறைந்தது. மறுநாள் டீச்சர் தன் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து ஆறாம் வகுப்பில் சேர்த்தார். எங்கள் பள்ளியில் ஆசிரியர் வீட்டுப் பிள்ளை படிப்பது அதுதான் முதல் தடவை. என் இரண்டு பிள்ளைகளும் வேனில் போனவர்கள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "என்ன டீச்சர், தலைக்கணக்குக்கு வீட்லேர்ந்தே ஆளக் கொண்டாந்துட்டீங்க?" என்று ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "ஆமா சார், ஒங்க வீட்ல ரெண்டு இருக்குல்ல, அதுகளையும் கூட்டியாங்க, இன்னொரு சோசியல் சார் கெடைப்பாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, உள்ளுக்குள் கொஞ்சம் குத்தியது. அந்தப் பையன் வந்ததில் எண்ணிக்கை சரியாகக் கோட்டைத் தொட்டு நின்றது. இனி ஒரு தலை நகரக் கூடாது.

ஆனால் ஒரு தலை நகர்ந்திருந்தது. எட்டாம் வகுப்பை முடித்து ஒன்பதுக்கு வர வேண்டிய ஒரு பிள்ளை, அப்பாவுக்குத் திருப்பூரில் சென்ட்ரிங் வேலை கிடைத்ததால் மே மாதமே குடும்பத்தோடு போய்விட்டது. பெயர் மட்டும் எங்கள் பட்டியலிலேயே இருந்தது. நல்ல உயரமான பெண்பிள்ளை. வரைபடத்தில் கடலுக்கு நீலம் தீட்டச் சொன்னால் மற்றதுகள் அவசரமாகக் கிறுக்கும். இது கரையோரம் அழுத்தமாகவும் உள்ளே போகப் போக மெல்லிசாகவும் தீட்டிக்கொண்டு வரும். ஒன்பதாம் வகுப்புக்கு நான்தான் வகுப்பாசிரியர். ஜூன் இரண்டாவது வாரம் அதன் அம்மா எனக்குப் போன் செய்தார். "சார், இங்கிட்டு ஒரு பள்ளிக்கொடத்துல கேட்டோம். பழைய பள்ளிக்கொடத்துல நம்பர விட்டாத்தான் சேப்போம்னு சொல்லிட்டாங்க. கொஞ்சம் விட்டுவிடுங்க சார்." விஷயம் அவ்வளவுதான். எமிஸில் ஒரு பிள்ளையின் பெயரைப் பழைய பள்ளி விடுவித்தால்தான் புதுப் பள்ளியின் பட்டியலில் ஏறும். சில ஊர்களில் பெயர் ஏறுகிற வரைக்கும் வகுப்பில் சும்மா உட்கார வைத்துவிடுவார்கள். அந்தப் பள்ளியில் வைக்கவில்லை.

நான் தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் நல்ல மனிதர், யாரையும் கடிந்து பேசியதில்லை. பலகையைத் திரும்பிப் பார்த்தார். "இந்த ஒரு பிள்ளைய விட்டா ஒரு டீச்சர் போயிருவாங்களே சார். பாவம், அவங்க நெலம ஒங்களுக்கே தெரியும். ஆகஸ்ட் தாண்டட்டும்" என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. ஆகஸ்ட் தாண்டட்டும் என்பது எங்கள் பள்ளி மட்டும் கண்டுபிடித்த தந்திரமல்ல. மாற்றுச் சான்றிதழ் கேட்டு வருகிறவர்களை ஜூலை முழுக்க இன்று வா நாளை வா என்று அலையவிடுவது எங்கள் தொழிலில் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. ஒரு டீச்சரைக் காப்பாற்றுகிறோம், இருக்கிற பிள்ளைகளுக்கு அறிவியலைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொள்வோம். அதில் பொய்யும் இல்லை. டீச்சரிடம் மட்டும் இதைச் சொல்ல வேண்டாம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். பெரிய சாமர்த்தியசாலி என்று நினைப்பு எனக்கு.

அந்த அம்மா வாரம் ஒருதடவை கூப்பிட்டார். "அடுத்த வாரம் பண்ணிர்றேம்மா" என்றேன். சர்வர் வேலை செய்யவில்லை என்றேன். ஆபீசில் கையெழுத்தாக வேண்டும் என்றேன். ஒவ்வொரு தடவையும் அவர் "சரிங்க சார், ஒங்களுக்குத்தான் சிரமம்" என்று சொல்லி வைத்தார். அந்த வார்த்தை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது. தொடர்ந்து வராத பிள்ளை என்று தெரிந்தால் மேலே கேள்வி வரும் என்பதால், தினமும் காலையில் செல்போனில் வருகை போடும்போது அந்தப் பிள்ளைக்கும் வந்திருக்கிறாள் என்றே தொட்டேன். ஒரு விரல் அசைவு. முதல் நாள் தயக்கமாக இருந்தது, நாலாம் நாளிலிருந்து அதுவும் இல்லை.

ஜூலை கடைசி வாரத்தில் ஒருநாள், செல்லை ஆசிரியர் அறையில் சார்ஜில் போட்டுவிட்டு வகுப்புக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது டீச்சர் எழுந்து நின்றார். "சார், ஒங்க போன் அடிச்சிக்கிட்டே இருந்துச்சு, எடுத்துட்டேன். தப்பா நெனைச்சுக்காதீங்க. திருப்பூர்லேர்ந்து ஒரு அம்மா பேசுனாங்க" என்றார். "ஜூன்லேர்ந்து கேக்குறாங்களாம். அந்தப் பிள்ளை தெனமும் வந்திருக்குன்னு போட்டிருக்கீங்க. ஒம்பதாவதுக்கு நானும் தெனமும் போறேன் சார். லீவு போட்டிருக்கு, வந்துரும்னுல்ல நெனைச்சுக்கிட்டு இருந்தேன்." நான் குரலைத் தாழ்த்தி, இன்னும் நாலே நாள்தான், ஒன்றாம் தேதி போனதும் நானே விட்டுவிடுவேன் என்றேன். பிறகு, சொல்லக்கூடாத ஒன்றையும் சொன்னேன். "ஒங்களுக்காகத்தான் டீச்சர் செஞ்சது."

அவர் முகம் அப்படிச் சுருங்கி அதற்கு முன் நான் பார்த்ததில்லை. சண்டை போடுவார் என்று நினைத்தேன், போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் பேசினார். "எம் பையன இங்க மாத்துறதுக்கு ஒரே நாள்தான் ஆச்சு சார். காலையில கேட்டேன், சாயங்காலம் விட்டுட்டாங்க. நான் டீச்சருன்னு அவுகளுக்குத் தெரியும். அந்தம்மாவுக்கு மட்டும் ஏன் சார் ரெண்டு மாசம்?"

நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். நான் பின்னாலேயே போனேன். தலைமையாசிரியருக்கு விஷயம் புரிந்துவிட்டது. எழுந்து வந்து அவர் பக்கத்தில் நின்று, "அம்மாவ நெனைச்சுப் பாருங்கம்மா. கொஞ்சம் யோசிச்சுப் பண்ணுங்க" என்றார். டீச்சர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "யோசிச்சா பண்ண மாட்டேன் சார்" என்றார். இரண்டு தடவை தப்பான பெயரில் போய் நின்று, மூன்றாவது தடவைதான் சரியாக அழுத்தினார். பிறகு எழுந்து, துணியை நனைத்து, பலகையில் ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து, கூட்டுத்தொகையிலும் குறைத்து எழுதினார். அதற்குள் மத்தியான மணி அடித்துவிட்டது. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அம்மாவைப் பார்க்கப் போனார்.

அன்று சாயங்காலம் நானே திருப்பூருக்குப் போன் செய்தேன். பெயரை விட்டாயிற்று, நாளைக்கே போய்ச் சேர்த்துவிடுங்கள் என்று சொல்லும்போது என் குரலில் ஏதோ உபகாரம் செய்துவிட்ட தோரணைகூட இருந்தது. அந்த அம்மா "நன்றிங்க சார்" என்றார். "அவ கம்பெனிக்குப் போறா சார். மூணு வாரமாச்சு. நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிர்றோம், வயசுப் பிள்ளைய லைன் வீட்ல ஒத்தையில விட்டுட்டுப் போகப் பயமா இருந்துச்சு. பக்கத்து வீட்டுப் பிள்ளையோட பனியனுக்குப் பிசிறு வெட்டப் போறா." நான் பள்ளியில் சேர்ப்பதைப் பற்றியே திரும்பத் திரும்பச் சொன்னேன். "சொல்லிப் பாத்தேன் சார், வர மாட்டேங்குறா. அந்தப் பள்ளிக்கொட வாசல்ல போயிப் போயி நின்னுட்டுத் திரும்புனோம்ல, அவளுக்குக் கூச்சமாப் போச்சு. மத்தியானம் பேசுன டீச்சரம்மாகிட்ட இதச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. நீங்களும் சொல்லிராதீங்க சார்" என்றார்.

சொல்லவில்லை. அந்த அம்மா கேட்டுக்கொண்டதற்காக என்று கொஞ்ச நாள் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். அதன்பிறகு இரண்டு தடவை திருப்பூருக்குப் பேசினேன். மூன்றாவது தடவை பேசவில்லை. பிள்ளை வேலைக்குப் போகிறது என்று யாரிடமாவது, ஏதாவது ஓர் அலுவலகத்தில் சொல்லியிருக்கலாம். சொன்னால், ஜூன் ஜூலையில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று அவர்கள் கேட்பார்கள். தினமும் வந்திருக்கிறாள் என்று போட்டது யார் விரல் என்று கேட்பார்கள். நான் பயந்துவிட்டேன். இதில் வேறு ஒன்றும் இல்லை, பயம்தான்.

உபரிப் பட்டியல் வந்தது. டீச்சருக்கு மணமேல்குடிப் பக்கத்தில் ஒரு பள்ளி கிடைத்தது. அதே மாவட்டம் என்று காகிதத்தில் இருக்கும். புதுக்கோட்டையில் விடியற்காலை பஸ் ஏறி, அறந்தாங்கியில் இறங்கி அடுத்த பஸ் பிடித்துக் கடற்கரை வரைக்கும் போக வேண்டும். மத்தியானம் அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்துத் தெருவிலிருந்து ஓர் அம்மாவை ஏற்பாடு செய்தார். பத்து மாதம் கழித்து டீச்சரின் அம்மா இறந்தார். மத்தியான நேரம்; டீச்சர் பள்ளியில் இருந்தார். நான் துக்கத்துக்குப் போயிருந்தபோது அவர் இன்னும் வந்து சேரவில்லை. மகன் எங்கள் பள்ளியிலேயே தொடர்ந்து படிக்கிறான். மீதி இருக்கிற ஓர் அறிவியல் ஆசிரியர் ஐந்து வகுப்புக்கும் ஓடுகிறார். அவருக்குப் பயிற்சி, கூட்டம் என்று ஏதாவது வந்துவிட்டால் அன்றைக்கு அறிவியல் கிடையாது, நான் போய் உட்கார்ந்துவிட்டு வருவேன். பலகையில் எண்களை இப்போது நான் எழுதுகிறேன். கம்ப்யூட்டரும் பழகிக்கொண்டேன். பெயர் விடச் சொல்லி யார் கேட்டாலும் அன்றைக்கே விட்டுவிடுகிறேன். அதனால் எனக்கு ஒரு நிம்மதியும் வந்துவிடவில்லை.

டீச்சர் எப்போதாவது போன் செய்வார். மகனைப் பற்றிக் கேட்டுவிட்டு, கடைசியில் மறக்காமல் கேட்பார். "அந்தத் திருப்பூர்ப் பிள்ளை படிக்குதா சார்?" முதல் தடவை நான் "படிக்குது டீச்சர்" என்றேன். அதன்பிறகு மாற்றிச் சொல்ல வழியே இல்லாமல் போயிற்று. ஒருதடவை, நல்ல மார்க் வாங்குகிறதாம் என்றுகூடச் சொன்னேன். அவர் அம்மா செத்துப்போன வருத்தத்தில் இருந்த நேரம், அவருக்குக் கொடுக்க என்னிடம் அது ஒன்றுதான் இருந்தது. அது பொய் என்பது எனக்குத் தெரியாதா என்ன? அந்தப் பிள்ளைக்காகத்தான் அவர் வீட்டருகே இருந்த பள்ளியை விட்டுக் கடற்கரைக்குப் போனார். அவர் பெயரை விடுவித்ததற்கு மூன்று வாரம் முன்னாலேயே பிள்ளை படிப்பை விட்டு வேலைக்குப் போயிருந்தது. இந்த இரண்டையும் சேர்த்து அறிந்தவன் நான் ஒருவன்தான்.

இந்த ஏப்ரலில் புதுக்கோட்டையில் பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாமில் அவரைப் பார்த்தேன். அறிவியலுக்கு மேல்மாடி, எங்களுக்குக் கீழே. மத்தியானம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். டிபன் பாக்ஸோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வெயிலில் நன்றாகக் கறுத்திருந்தார், காதோரம் நரை. அவர் நிதானமாக உட்கார்ந்து மத்தியானச் சாப்பாடு சாப்பிடுவதை அன்றுதான் பார்த்தேன். சாப்பிட்டு முடிக்கும்வரை மகனைப் பற்றிப் பேசினார். பிறகு, "அந்தப் பிள்ளை இந்த வருசம் பத்தாவது எழுதியிருக்கும்ல சார்?" என்றார். "எழுதியிருக்கும் டீச்சர்" என்றேன்.

"எந்த ஊருத் தாளுன்னு நமக்கு எங்க தெரியுது? பேரும் இருக்காது, ஒரு நம்பர்தான். ஆனாலும் சார், ஒவ்வொரு கட்டாப் பிரிக்கிறப்பவும் இதுல ஒண்ணு அந்தப் பிள்ளையோடதா இருக்கலாம்லன்னு தோணுது. அதனால எல்லாத் தாளையும் ரெண்டு தடவ பாக்குறேன். விட்டுப்போன அரை மார்க்கு இருந்தாலும் தேடிப் போட்டுர்றேன்" என்று சொல்லிச் சிரித்தார். சந்தோஷமாகத்தான் சிரித்தார்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "இருக்கும் டீச்சர், பாத்துப் போடுங்க" என்றுதான் வந்தது. மணி அடித்தது. அவர் டிபன் பாக்ஸைக் கழுவி மூடி எடுத்துக்கொண்டு, மத்தியானக் கட்டைத் திருத்த மாடிப்படி ஏறிப் போனார்.